திறன் தொலைக்காட்சி வாங்கும் முன்: தோட்டத் தமிழ்ப்பள்ளிகளுக்கு ஒரு திறந்த மடல்

எங்கள் வட்டாரத் தமிழ்ப்பள்ளிகளின் தலைமையாசிரியர்களுக்கும் பெற்றோர் ஆசிரியர் சங்கப் பொறுப்பாளர்களுக்கும்,

வணக்கம்.

மலேசியாவின் தென்கெடாவில், ஒரு பக்கம் செம்பனையும் மறுபக்கம் மிச்சமிருக்கும் பால்மரமுமாக நிற்கும் நம் சிறு பட்டணத்தில் கைப்பேசி பழுதுபார்க்கும் கடை வைத்திருக்கிறேன். உங்களில் பலருக்குத் திரை மாற்றிக் கொடுத்திருக்கிறேன். 'இலக்கவியல் வகுப்பறை நிதி' என்று நீங்கள் அச்சடித்த ரசீதுப் புத்தகம் அண்மையில் என் கடைக்கும் வந்தது. பள்ளிக்கு ஒரு பெரிய திறன் தொலைக்காட்சி, கூடவே சில தட்டைக் கணினிகள் என்று சொன்னார்கள். என்னால் ஆனதைக் கொடுத்தேன். கோயில் திருவிழா, தீபாவளி உபசரிப்பு, பள்ளி நிதி என்று கேட்டு வருபவர்களை வெறுங்கையோடு அனுப்பும் வழக்கம் எங்கள் அப்பா காலத்திலிருந்தே இல்லை. பணம் கொடுத்தவள் என்ற உரிமையில் ஒன்று கேட்கலாம் என்று நினைக்கிறேன்.

உங்கள் பள்ளிகளில் சிறப்புத் தேவையோடு படிக்கும் ஒவ்வொரு பிள்ளைக்கும் ஓர் இலக்கவியல் தொகுப்பேடு தொடங்குங்கள். அந்தப் பிள்ளை எதைச் செய்கிறது, எப்படிச் செய்கிறது, யார் உதவியோடு செய்கிறது என்று காட்டும் சிறு காணொலிகள், குரல் பதிவுகள், படங்கள். ஒவ்வொன்றின் கீழும் இரண்டு மூன்று வரிக் குறிப்பு. பள்ளி மாறும்போது அது பிள்ளையோடு போக வேண்டும். கோரிக்கை இவ்வளவுதான். தொலைக்காட்சி வந்தால் திறப்பு விழா வைக்கலாம், ரிப்பன் வெட்டலாம். நான் சொல்வதில் வெட்டுவதற்கு ஒன்றும் இல்லை என்பது ஒரு குறைதான், ஒப்புக்கொள்கிறேன்.

ஏன் இதில் இவ்வளவு பிடிவாதம் என்றால், வீட்டிலேயே பார்த்த விஷயம் இது. என் தம்பிக்கு ஆட்டிசம். ஒருங்கிணைந்த சிறப்புக் கல்வி வகுப்பு எல்லாத் தமிழ்ப்பள்ளியிலும் இல்லை என்பது உங்களுக்குத் தெரியும். அதனால் தினமும் வேனில் தொலைவிலுள்ள ஒரு தமிழ்ப்பள்ளிக்குப் போய் வந்தான். நல்ல ஆசிரியை வாய்த்தார். ஆறாம் ஆண்டு முடிவதற்குள் அவனுடைய தனியாள் கல்வித் திட்டக் கோப்பு, எல்லாரும் ஆர்பிஐ என்று சொல்வோமே அது, கையில் தூக்கினால் கனக்கும் அளவுக்கு வளர்ந்துவிட்டது. அப்புறம் இடைநிலைப்பள்ளியின் சிறப்புக் கல்வி வகுப்புக்குப் போனான். புதிய பள்ளிக்குப் போய்ச் சேர்ந்தவை மருத்துவர் கடிதம், மாற்றுத்திறனாளி அட்டையின் நகல், மாற்றல் பாரம், இவைதான். கனத்த கோப்பு பழைய பள்ளி அலமாரியிலேயே தங்கிவிட்டது. யாரும் வேண்டுமென்று செய்யவில்லை. அனுப்ப வேண்டும் என்று ஒரு பக்கத்தில் தோன்றவில்லை, கேட்டு வாங்க வேண்டும் என்று மறுபக்கத்தில் தோன்றவில்லை.

இருபது ரிங்கிட்டுக்குச் சில்லறை எண்ணிக் கொடுக்கத் தெரிந்த பையனிடம் சிவப்பு அட்டையையும் மஞ்சள் அட்டையையும் கொடுத்துப் பிரிக்கச் சொன்னார்கள். முதல் நாள் பிரித்தான். பிறகு அட்டைகளைத் தள்ளிவிட்டான். அப்புறம் மேசைக்கடியில் போய் உட்கார்ந்துகொண்டான். 'ஒத்துழைப்பு இல்லை, கட்டளையைப் பின்பற்றுவதில்லை' என்று முதல் அறிக்கை வந்தது. அம்மா அதை மடித்து சாமிப் படத்துக்குப் பின்னால் வைத்துவிட்டார்.

தீர்வு என் தொழில் வழியாகவே வந்தது. பழைய ஆசிரியையின் கைப்பேசி தண்ணீரில் விழுந்து என் கடைக்கு வந்தது. உள்ளே இருந்ததை மீட்டுக் கொடுத்தபோது, தம்பியை அவர் வகுப்பில் எடுத்த காணொலிகள் கிடைத்தன. அவரிடம் கேட்டு, அவனுடையதை மட்டும் நகல் எடுத்துக்கொண்டேன். அவற்றில் ஒன்றை இடைநிலைப்பள்ளி ஆசிரியையிடம் காட்டினேன். ஒரு நிமிடம்கூட ஓடாத காணொலி. ஆசிரியை சில்லறைத் தட்டைத் தம்பியின் இடப்பக்கம் வைக்கிறார். விலைச்சீட்டை விரலால் ஒருமுறை தொடுகிறார். பிறகு ஒன்றும் சொல்லவில்லை. காத்திருக்கிறார். நமக்கே பொறுமை போய்விடும் அளவுக்குக் காத்திருக்கிறார். அவன் கை நகர்கிறது, எண்ணி வைக்கிறான், முகத்தைப் பார்க்காமல் தட்டை அவர் பக்கம் தள்ளுகிறான்.

புதிய ஆசிரியை அதை மறுபடி ஓடவிட்டுப் பார்த்தார். 'நான் இடையில் பேசிக்கொண்டே இருந்தேன் போல' என்று சொன்னார். மலாய்க்கார ஆசிரியை, தமிழ் தெரியாது. காணொலியில் தமிழ் தெரிய வேண்டிய தேவையும் இருக்கவில்லை. அடுத்த வாரத்திலிருந்து அவன் மேசைக்கடியில் உட்காருவது குறையத் தொடங்கியது.

கோப்பிலும் இந்தத் திறன் பதிவாகித்தான் இருந்தது. 'பணத்தைக் கணக்கிடுவான்' என்ற வரிக்கு எதிரே 'அடைந்துவிட்டான்' என்று ஒரு குறி. பொய் இல்லை. ஆனால் தட்டு எந்தப் பக்கம், சொல்லால் உதவியா சைகையால் உதவியா, எவ்வளவு நேரம் காத்திருந்தார் என்பதெல்லாம் அந்தக் குறிக்குள் இல்லை. ஆட்டிசம் உள்ள பல பிள்ளைகளுக்குக் காதில் விழுந்ததை உள்வாங்கிப் பதில் செய்யக் கூடுதல் நேரம் வேண்டும். அந்த இடைவெளியில் நாம் அதே கட்டளையை வேறு சொற்களில் திரும்பச் சொன்னால், அது அவர்களுக்கு இன்னொரு புதிய கட்டளை. ஒரு கோப்பில் இதை எழுதலாம்தான். பத்து பக்கம் எழுதுவதைவிட ஒரு காணொலியில் பார்ப்பது எளிது.

சிறப்புக் கல்வி ஆசிரியர்களுக்கு உதவியின் படிகள் தெரியும்: கைப்பிடித்துச் செய்ய வைப்பது, தொட்டு உணர்த்துவது, சைகை காட்டுவது, சொல்லிக் காட்டுவது, ஒன்றும் செய்யாமல் விட்டு அவனே செய்வது. தொகுப்பேட்டின் உயிர் இந்தப் படிகளில்தான் இருக்கிறது. பிப்ரவரியில் சட்டைப் பொத்தானைக் கைப்பிடித்துப் போட வைத்தோம், ஜூலையில் முழங்கையை லேசாகத் தொட்டாலே போதும் என்று இரண்டு காணொலிகள் அடுத்தடுத்து இருந்தால், மதிப்பெண்ணில் தெரியாத வளர்ச்சி கண்ணுக்குத் தெரியும். ஆறாம் ஆண்டு முடிவில் எழுதிய யூபிஎஸ்ஆர் தேர்வு 2021இல் கைவிடப்பட்டு, வகுப்பறை மதிப்பீடு முக்கியமாகிவிட்ட காலம் இது. மற்றப் பிள்ளைகளுக்கே 'என்ன ஆதாரம்?' என்று கேட்கிறார்கள். நம் பிள்ளைகளுக்கு ஆதாரம் தாளில் சிக்குவது குறைவு.

எழுத்து வாசிப்பில் சிரமப்படும் பிள்ளைகளைப் பற்றி ஆட்டிசத்தைவிட அதிகம் சொல்லத் தோன்றுகிறது, ஏனென்றால் தோட்டப் பள்ளிகளில் அவர்கள்தான் நிறைய. பலர் சிறப்புக் கல்வி வகுப்புக்கே வருவதில்லை. குறைநீக்கல் வகுப்புக்கும் வழக்கமான வகுப்புக்கும் இடையில் அலைவார்கள். 'சோம்பேறி' என்ற பெயரோடு ஆறாம் ஆண்டு வரை ஓட்டிவிடுவார்கள். டிஸ்லெக்சியா உள்ள பிள்ளைக்குத் தமிழ் எழுத்து ஒரு விதமாகச் சிக்கும், மலாய் எழுதும் ரோமன் எழுத்தான ரூமி இன்னொரு விதமாகச் சிக்கும். ரூமியில் பி-யும் டி-யும் கண்ணாடி பார்த்ததுபோல் மாறிப்போகும். தமிழில் ல, ள, ழ குழம்பும். ண, ந, ன குழம்பும். 'கொ' போல முன்னும் பின்னும் குறி வரும் எழுத்தில் எந்தப் பக்கம் முதலில் படிப்பது என்று தடுமாறும். ஒரே பிள்ளை, இரண்டு மொழியில் இரண்டு வகைப் பிழை. இடைநிலைப்பள்ளியின் முதல் வகுப்பான படிவம் ஒன்றில் மலாய் மட்டும் பார்க்கும் ஆசிரியருக்கு இதில் பாதிதான் தெரியும்.

இதற்குக் காணொலிகூட வேண்டாம். மாதம் ஒருமுறை குரல் பதிவு போதும். தமிழில் ஒரு சிறு பத்தி, மலாயில் ஒரு சிறு பத்தி, பிள்ளை படிக்கட்டும். மூன்று நான்கு மாதங்களுக்கு ஒருமுறை பழைய பத்தியையே திரும்பப் படிக்கச் சொல்லுங்கள். எந்த எழுத்தில் நிற்கிறான், எங்கே ஊகித்துச் சொல்கிறான், வேகம் கூடியிருக்கிறதா என்று கேட்டாலே புரிந்துவிடும். முக்கியமாக, பழைய குரலையும் புதிய குரலையும் பிள்ளையையே கேட்க விடுங்கள். தன்னைப் 'படிக்காதவன்' என்று முடிவுகட்டிவிட்ட பத்து வயதுப் பையனுக்கு நம் புகழ்ச்சியில் நம்பிக்கை இருக்காது. தன் காதை நம்புவான்.

இந்த யோசனை என் சொந்தக் கண்டுபிடிப்பு இல்லை. நியூசிலாந்தின் பாலர் பள்ளிகளில் 'கற்றல் கதை' என்று ஒரு முறை பல ஆண்டுகளாக நடக்கிறது. பிள்ளைக்கு என்ன வரவில்லை என்று பட்டியல் போடாமல், அன்று அந்தப் பிள்ளை என்ன செய்தது என்று படத்தோடு ஒரு சிறு கதையாக எழுதி வீட்டுக்கும் காட்டுவார்கள். நமக்கு அவ்வளவு எழுத நேரம் இல்லை என்றால் சரி, மூன்று வரி எழுதுவோம்.

இப்போது மொழிக்கு வருகிறேன். தோட்டத்துப் பிள்ளை விஷயத்தில் இதுதான் பெரிய ஓட்டை. பட்டணத்துப் பிள்ளை இரண்டு மொழி கேட்டு வளர்கிறான். நம் லயத்துப் பிள்ளைக்கு, அதிலும் பேச்சுத் தாமதம் உள்ள பிள்ளைக்கு, முதல் ஏழெட்டு ஆண்டுகள் எல்லாம் தமிழிலேயே நடக்கிறது. 'உக்காரு', 'எடு', 'போதும்' என்ற சொற்களை அவன் உடம்பு பழகியிருக்கும். மலாயில் 'டுடோக்' (உட்கார்) என்றால் நிற்பான். நின்றால் 'கட்டளை புரியவில்லை' என்று எழுதப்படும். தமிழில் சொன்னால் செய்கிறான், மலாயில் சொன்னால் செய்வதில்லை, மலாயில் சொல்லிக் கையையும் காட்டினால் செய்கிறான். இந்த மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினால் புதிய ஆசிரியருக்கு அறிவுக் குறை எது, மொழி இடைவெளி எது என்று பிரித்துப் பார்க்க வழி கிடைக்கும். இல்லாவிட்டால் இரண்டையும் ஒன்றாகக் கட்டி அவன் தலையில் வைத்துவிடுவார்கள்.

அதனால் தொகுப்பேட்டின் முதல் பக்கம் தமிழிலும் மலாயிலும் இருக்கட்டும். ஒரே பக்கம். எதற்குப் பயப்படுவான், எது அவனை அமைதிப்படுத்தும், என்ன மருந்து, என்ன ஒவ்வாமை, கழிப்பறைக்குப் போக வேண்டும் என்பதை எப்படிச் சொல்வான். கடைசி வரியைச் சாதாரணமாக நினைக்க வேண்டாம். 'ஒண்ணுக்கு' என்று சொல்லி ஆசிரியரின் முழங்கையை இழுக்கும் பிள்ளை, தமிழ் தெரியாத வகுப்பில் அதையே செய்தால் என்ன நடக்கும் என்று யோசியுங்கள். கால்சட்டை நனைந்து, மற்றப் பிள்ளைகள் சிரித்து, அவன் அந்தப் பள்ளியை வெறுக்க ஒரு காலைப்பொழுது போதும்.

வீட்டாரின் பங்கும் வேண்டும். ஆசிரியருக்குத் தெரியாதது வீட்டுக்குத் தெரியும். கோயிலில் உறுமி மேளம் தொடங்கினால் என் தம்பி காதைப் பொத்திக்கொண்டு ஓடுவான். காதில் ஒலிதடுப்பான் மாட்டினால் கடைசிவரை உட்கார்ந்து தீபாராதனை பார்ப்பான். கடையில் கைப்பேசி உறைகளை மாடல் வாரியாகப் பிரித்து வைப்பான், பின்பக்கக் கேமராவை வைத்தே மாடலைச் சொல்லிவிடுவான். இந்த இரண்டு காணொலிகளும் அவன் தொகுப்பேட்டில் இருக்கின்றன. இரண்டாவதைப் பார்த்த பிறகுதான் பள்ளியில் அவனுக்குப் பொருள்களை வகைபிரிக்கும் வேலையைக் கொடுத்தார்கள். செம்பனைத் தோட்டத்தில் காலையிலேயே வேலைக்குப் போகும் தாய்க்குப் பள்ளிக் கூட்டத்துக்கு வர முடியாது. ஆனால் பிள்ளை வீட்டில் தானாகத் தட்டு கழுவுவதை அரை நிமிடம் பதிந்து அனுப்ப முடியும். 'பெற்றோர் ஈடுபாடு இல்லை' என்று எழுதும் முன் அவர்களிடம் இதைக் கேட்டுப் பாருங்கள்.

ஆசிரியர்கள் என்ன நினைப்பார்கள் என்று எனக்குத் தெரியும், ஏனென்றால் என் கடையில் உட்கார்ந்து அவர்கள் புலம்புவதைக் கேட்கிறேன். ஏற்கெனவே பதிவுகள், படிவங்கள், போட்டிகள். இதுவும் ஒரு சுமையா? இப்போது வைத்திருக்கும் தாள் கோப்போடு இதையும் சேர்த்துச் செய்யச் சொன்னால் சுமைதான், சந்தேகமே இல்லை. ஆகவே ஆசிரியரை அமுக்காதீர்கள். நீங்கள், சங்கத்தார், மாவட்டக் கல்வி இலாகாவுக்கு ஒரு கடிதம் எழுதுங்கள். ஆர்பிஐயின் ஆதாரமாகத் தொகுப்பேட்டுப் பதிவுகளையே ஏற்றுக்கொள்ளும்படி கேளுங்கள். அதே ஆதாரத்தை அச்செடுத்து, துளையிட்டு, கோப்பில் கோத்து வைக்கும் வேலை குறையட்டும். அந்த நேரம்தான் காணொலிக்கான நேரம்.

அளவையும் கட்டுப்படுத்துங்கள். ஆர்பிஐயில் ஒரு பிள்ளைக்கு நாலைந்து இலக்குகள் இருக்கும். இலக்குக்கு மாதம் ஒரு பதிவு போதும். அழகாக இருக்க வேண்டியதில்லை, பின்னணி இசை வேண்டாம், பூ அலங்காரம் வேண்டாம். பார்வையிட வரும் அதிகாரிக்காகத் தேர்ந்தெடுத்த சிறந்த படங்களின் தொகுப்பாக இது மாறிவிட்டால், கல்யாண ஆல்பம் போல ஆகிவிடும்: எல்லாரும் சிரிப்பார்கள், யாருக்கும் ஒன்றும் தெரியாது. தோற்றுப்போன முயற்சியும் இருக்க வேண்டும். எதைச் செய்து பார்த்தோம், எது பலிக்கவில்லை என்று தெரிந்தால் அடுத்த ஆசிரியர் அதையே மறுபடி செய்து பிள்ளையை வதைக்க மாட்டார்.

ஆனால் தோற்றுப்போன முயற்சி வேறு, பிள்ளை நிலைகுலைந்து அழுவது வேறு. அழுகையைப் படம் எடுக்காதீர்கள். எடுக்கத் தேவைப்பட்டால், மருத்துவரிடம் காட்ட மட்டும், பெற்றோரைக் கேட்டு எடுங்கள், காட்டிவிட்டு அழித்துவிடுங்கள். வகுப்புப் புலன (வாட்ஸ்அப்) குழுவில் சிறப்புப் பிள்ளைகளின் காணொலிகள் சுற்றுவதை நான் பார்த்திருக்கிறேன். 'பாருங்க, எவ்ளோ க்யூட்' என்று தலைப்போடு. நல்ல மனம்தான். அந்தப் பிள்ளைக்கு இருபது வயதாகும்போது அது எங்கே இருக்கும்? அன்பளிப்புக் கூடையோடு வரும் பிரமுகர்களின் முகநூல் படங்களைப் பற்றித் தனியாக ஒரு மடலே எழுதலாம்.

இதில் சட்டம் நம்மைக் காப்பாற்றும் என்று இருந்துவிட வேண்டாம். தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2010 மத்திய, மாநில அரசாங்கங்களுக்குப் பொருந்தாது என்று அந்தச் சட்டமே சொல்கிறது. கடைக்காரியான என்னைக் கட்டுப்படுத்தும் சட்டம் அரசாங்கத்தைக் கட்டுப்படுத்தாது. ஆகவே கட்டுப்பாட்டை நாமே எழுதி வைத்துக்கொள்ள வேண்டும். ஒரு பக்க ஒப்புதல் கடிதம், தமிழில், தாய்க்குப் புரியும் தமிழில்: என்ன பதிவாகும், யார் பார்ப்பார்கள், எங்கே இருக்கும், வேண்டாம் என்றால் எப்படி அழிப்பது. மாற்றுத்திறனாளி அட்டை, அடையாள அட்டை, மருத்துவ அறிக்கை இவற்றின் படங்களைத் தொகுப்பேட்டில் போடவே கூடாது. இன்னொரு பிள்ளை சட்டகத்துக்குள் வந்துவிட்டால் அதை வெட்டிவிட்டுத்தான் சேமிக்க வேண்டும்.

பிள்ளையையும் கேளுங்கள். பேசாத பிள்ளையிடம் எப்படிக் கேட்பது என்கிறீர்களா? அவனுடைய இரண்டு படங்களை முன்னால் வைத்து எது வேண்டும் என்று கைகாட்டச் சொல்லலாம். ஒன்றைத் தள்ளிவிட்டால் அதுவும் பதில்தான். மலேசியா மாற்றுத்திறனாளிகள் உரிமைகளுக்கான ஐ.நா. உடன்படிக்கையை 2010இல் ஏற்றுக்கொண்டிருக்கிறது. யாரையும் திருப்பி அனுப்பக் கூடாது என்ற கல்வி அமைச்சின் கொள்கை 2019 முதல் நடப்பில் இருக்கிறது. பிள்ளையை உள்ளே விடுவது அந்தக் கொள்கையின் வேலை. உள்ளே வந்த பிள்ளையைப் புரிந்துகொள்வது நம் வேலை.

எங்கே வைப்பது? இது என் துறை, கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

கல்வி அமைச்சின் இணையக் கற்றல் தளமான டெலிமா 2020 ஜூனிலிருந்து இருக்கிறது. மாணவருக்கும் ஆசிரியருக்கும் கணக்கு உண்டு, கூகுள் சேமிப்பிடமும் உண்டு. வகுப்பறை வேலைக்கு அதையே பயன்படுத்துங்கள், புதிதாகச் செயலி வாங்கக் காசு செலவழிக்க வேண்டாம். ஆனால் அதை மட்டும் நம்பாதீர்கள். அதற்கு முன் ஃபிராக் விஎல்இ என்ற தளம் நாடு முழுவதும் பள்ளிகளில் இருந்தது, 2019இல் அது நின்றது. தளங்கள் வரும், போகும். குடும்பத்தின் சொந்த கூகுள் கணக்கும் நிரந்தரம் இல்லை: இலவசமாக 15 ஜிபி, இரண்டு ஆண்டு யாரும் தொடாமல் கிடந்தால் கூகுள் அதை அழித்துவிடலாம். புலனம் இன்னும் மோசம். காணொலியை நசுக்கிச் சின்னதாக்கிவிடும். கைப்பேசி மாற்றும்போது காப்புநகல் எடுக்காமல் எல்லாம் போய், என் கடையில் வந்து நிற்கும் தாய்மாரை நான் அடிக்கடி பார்க்கிறேன்.

ஆகவே இரண்டு இடம். பள்ளியின் டெலிமா கணக்கில் ஒன்று, குடும்பத்தின் கையில் பென்டிரைவில் ஒன்று. தோட்டத்தில் இணைய இணைப்பு எப்படி என்று நான் சொல்ல வேண்டியதில்லை, பென்டிரைவுக்கு அது தேவையில்லை. கணக்கும் போட்டுப் பார்த்தேன். 720பி தரத்தில் ஒரு நிமிடக் காணொலி ஏறத்தாழ 60 எம்பி. இலக்குக்கு மாதம் அரை நிமிடம், ஐந்து இலக்குகள், ஆண்டுக்குப் பத்து மாதம் என்றால் ஒன்றரை ஜிபி. ஆறு ஆண்டும் சேர்த்து 9 ஜிபி. 32 ஜிபி பென்டிரைவில் பாதிகூட நிறையாது. பென்டிரைவும் பழுதாகும் என்பதால் ஆண்டுக்கு ஒருமுறை பள்ளி நகலோடு ஒப்பிட்டுப் பாருங்கள். கோப்புப் பெயரில் ஆண்டு, மாதம், நாள் என்ற வரிசையில் தேதியை முதலில் போடுங்கள், தானாகவே கால வரிசையில் அடுக்கிக்கொள்ளும். பிள்ளையின் முழுப்பெயரை அதில் போடாதீர்கள், தொலைந்தால் எடுத்தவனுக்கு யார் என்று தெரியக் கூடாது. கடவுச்சொல் போடுவதும் பெரிய வித்தை இல்லை, வந்தால் காட்டிக் கொடுக்கிறேன்.

ஒப்படைக்கும் நாள் ஒன்றும் வேண்டும். கோப்பை அஞ்சலில் அனுப்புவதோடு முடிந்துவிடக் கூடாது. பழைய ஆசிரியர், புதிய ஆசிரியர், பெற்றோர், பிள்ளை, நால்வரும் அரை மணி நேரம் உட்கார்ந்து ஐந்தாறு காணொலிகளை ஒன்றாகப் பார்த்தால் போதும். தமிழ்ப்பள்ளிக்கும் இடைநிலைப்பள்ளிக்கும் நடுவில் அப்படி ஒரு சந்திப்பு வழக்கமாக நடப்பதை நான் பார்த்ததில்லை. நடத்தக் கூடாது என்று யாரும் சொன்னதும் இல்லை.

இந்தப் பள்ளி மாற்றத்துக்கு அப்பாலும் இது உதவும். மெர்போக்கில் சிறப்புக் கல்வித் தொழில்திறன் பள்ளி இருக்கிறது, நம் மாநிலத்திலேயே. 1984இல் திரங்கானுவின் பத்து ராக்கிட்டில் தொடங்கிய சமூக மறுவாழ்வு மையங்கள், பிடிகே என்று சொல்வார்களே, இன்று நாடெங்கும் உள்ளன. அங்கெல்லாம் 'உன் பிள்ளை என்ன செய்வான்?' என்றுதான் முதலில் கேட்பார்கள். 'நல்ல பிள்ளைங்க, சொன்னா கேப்பான்' என்று தாய் தயங்கிச் சொல்வதற்கும், அவன் துணி மடிக்கும், செடி நடும், பாத்திரம் கழுவும் காணொலியைக் காட்டுவதற்கும் நிறைய வித்தியாசம்.

செலவு என்று பார்த்தால், நீங்கள் வாங்கப்போகும் தொலைக்காட்சியின் விலையில் ஒரு சிறு பங்குதான். பிள்ளைக்கு ஒரு பென்டிரைவ், பள்ளிக்கு ஒரு நிலைதாங்கி, பழைய கைப்பேசி ஒன்று. ஆசிரியரின் சொந்தக் கைப்பேசியில் எடுக்கக் கூடாது என்பதால் பள்ளிக்கென்றே ஒன்று வேண்டும். பழுதுபார்த்த நல்ல கைப்பேசி ஒன்றைப் பள்ளிக்கு ஒன்றாக நான் தருகிறேன், சிம் இல்லாமல், புலனம் இல்லாமல். சிறப்புத் தேவை மாணவர்களுக்கு மாதம் 150 ரிங்கிட் உதவித்தொகை வருகிறதே, அதில் வாங்கட்டும் என்று யாரும் சொல்லிவிடாதீர்கள். அது வேன் கட்டணத்துக்கே போய்விடுகிறது.

மாணவர் எண்ணிக்கை 150க்கும் குறைந்த பள்ளிகள் நம் வட்டாரத்தில் அதிகம். இதை நாம் எப்போதும் கவலையாகவே பேசுகிறோம். இந்த ஒரு வேலைக்கு மட்டும் அது வசதி. சிறு பள்ளியில் ஒவ்வொரு பிள்ளையையும் எல்லா ஆசிரியருக்கும் தெரியும்.

அடுத்த செயற்குழுக் கூட்டத்தில் இதைத் தனிப்பொருளாகச் சேர்த்து, முடிவு எதுவானாலும் பள்ளி அறிவிப்புப் பலகையில் ஒட்டுங்கள். எல்லாப் பிள்ளைக்கும் ஒரே நேரத்தில் தொடங்க வேண்டாம். இந்த ஆண்டு ஆறாம் ஆண்டு முடித்து வெளியே போகும் பிள்ளைகளிலிருந்து தொடங்குங்கள், அவர்களுக்குத்தான் நேரம் குறைவு. ஆசிரியர்களின் கைப்பேசியில் ஏற்கெனவே கிடக்கும் காணொலிகளைப் பெற்றோரின் ஒப்புதலோடு முதலில் திரட்டுங்கள். உடைந்துபோன, தண்ணீரில் விழுந்த கைப்பேசியில் இருந்தாலும் கொண்டு வாருங்கள், மீட்க முடிந்தால் மீட்டுத் தருகிறேன். ஞாயிற்றுக்கிழமை கடை மதியம் வரை திறந்திருக்கும். பென்டிரைவின் அடக்க விலைக்கு மேல் ஒரு காசு வாங்க மாட்டேன்.

இப்படிக்கு,
பட்டணத்துக் கைப்பேசிக் கடை அக்கா